குடை முதலாளி நானூறு

இருபத்தொரு வயதில் எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இந்த விஷயம் மாத்தளை டவுனில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

காது மறைய முடி வளர்த்திருந்தேன். காற்சட்டை முழங்காலுக்குக் கீழே பாவாடை மாதிரி விரிந்திருக்கும். எங்கள் கடையில் மிளகு நிறுக்கும்போதுகூட என் இடது கை விரல்கள் காற்றில் ஏதோ கம்பியைத் தேடிக்கொண்டே இருக்கும். இப்படி ஒருவன் கிட்டார் வாசிக்காமலா இருப்பான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நான் மறுக்கவில்லை. (யாரும் கேட்டால்தானே மறுக்கிறதுக்கு!) "சொந்தமா ஒண்ணு இல்ல, அதுதான் வாசிக்கிறதில்ல" என்று மட்டும் கூட்டாளிகளிடம் பெருமூச்சு விடுவேன்.

எலெக்ட்ரிக் கிட்டார் என்ன விலை என்பது எனக்கு அத்துப்படி. கொழும்பில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாக ஒன்று நின்றது. எண்ணூற்றைம்பது ரூபா. வாப்பா கடையில் எனக்குத் தந்த மாதச் சம்பளம் அறுபது. அதிலும் பாதியை "உனக்குச் சேத்து வைக்கிறேன்" என்று அவரே வைத்துக்கொள்வார். சரக்கு விஷயமாகக் கொழும்பு போகும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்திவிட்டு வருவேன். பிறகு வெளிநாட்டுச் சாமான் வருவதை அரசாங்கம் நிறுத்தியது. அடுத்த முறை போனபோது கண்ணாடிக்குப் பின்னால் பித்தளைக் குத்துவிளக்கு நின்றது.

என் வாழ்க்கையே முடிந்தது என்று நான் தாடி வளர்க்கத் தொடங்கியிருந்த சமயத்தில்தான் அந்த அறிவித்தலை பஸ் நிலையச் சுவரில் பார்த்தேன். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்பிப் போகிறார். சனிக்கிழமை பங்களாச் சாமான்கள் ஏலம். கட்டில், அலுமாரி, சாப்பாட்டு மேசை என்று நீண்டுபோன வரிசையின் கடைசியில், 'எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று'.

கடைக்கு ஓடி வந்து, அங்கே நின்ற கூட்டாளிகளிடம் இதைக் குறைந்தது ஐந்து தடவையாவது சொல்லியிருப்பேன். வாப்பா கராம்பு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

வாப்பா அதிகம் பேசாத மனிதர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர். கிட்டாரைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் ஒரே வரிதான்: "அத தூக்கினவன் கடைய மூடுவான்." அவரிடம் கேட்பது நடக்காத காரியம். உம்மாவிடம் போய் இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்தேன். (தேத்தண்ணிக் கடையில் பணிஸ் வாங்கித் தின்றேன், அது வேறு கதை.) மூன்றாம் நாள் உம்மா தன் சீட்டுக் காசு முந்நூறு ரூபாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"வாப்பாக்குத் தெரிஞ்சா எனக்கு ஒண்ணும் தெரியாது. விளங்கிச்சா?"

சனிக்கிழமை விடிந்ததும், நாவுலையில் செத்தல் மிளகாய் பார்க்கப் போவதாக வாப்பாவிடம் சொன்னேன்.

"நல்லது மகன். நானும் நாலந்தாப் பக்கம் ஒரு வேலையாப் போறேன்" என்றார்.

நான் நேரே இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினேன்.

பங்களாவின் புல்தரையில் துரையின் குடித்தனம் முழுவதும் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குளிக்கிற தொட்டிகூட அங்கே வந்து நின்றது. கிட்டார் ஒரு சோபாவில் துரை வீட்டுப் பிள்ளை மாதிரி சாய்ந்து படுத்திருந்தது. ஓரங்கள் கறுப்பு, நடுவில் தேன் நிறம். தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. சுற்றிப் பார்த்தால், எல்லாம் வாப்பாவைத் தெரிந்த டவுன் வியாபாரிகள்! நான் ஏலம் கேட்டால் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேரும். ஒரு பெரிய அலுமாரிக்குப் பின்னால் பதுங்கினேன். கையிலிருந்த பத்திரிகையைச் சுருட்டி, அலுமாரிக்கு மேலே நீட்டினால் ஏலக்காரருக்குத் தெரியும், ஆளைத் தெரியாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏலக்காரர் தேயிலைப் பெட்டி மேல் ஏறி நின்று மூன்று மொழியிலும் கூவுகிறவர்; ஐயா என்பதைச் சிங்களத்தில் மாத்தயா என்பார். கிட்டாரை ஐம்பது ரூபாவில் தொடங்கினார். தோட்டத்து மருந்துக்காரர் ஒருவர் அறுபது என்றார். நான் பத்திரிகையைத் தூக்கினேன்.

"பேப்பர் மாத்தயா எழுபது!"

மறுபக்கத்தில் மெத்தைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் குடை மெதுவாக மேலே வந்தது.

"குடை முதலாளி எண்பது!"

மருந்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். பேப்பரும் குடையும் மட்டும்தான் மிச்சம். நான் தூக்கினால் அது தூக்கும். நூறு. நூற்றைம்பது. இருநூறு. யாரடா இவன், முகத்தைக் காட்டப் பயந்து ஒளிந்திருந்து ஏலம் கேட்கிற கோழை என்று எனக்குக் கோபம் வந்தது. (நானும் அலுமாரிக்குப் பின்னால்தான் நிற்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.) கட்டில் வாங்க வந்தவர்கள் கட்டிலை மறந்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

"விடாதீங்க பேப்பரு!"

"குடை பெரிய கையிங்க. பேப்பரு கிழியப் போகுது பாருங்க!"

முந்நூறு. அத்தோடு உம்மாவின் சீட்டுக் காசு முடிந்தது. அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். குடை முந்நூற்றிருபது என்றதும் என் கை என்னைக் கேளாமல் மேலே போனது. முந்நூற்று நாற்பது. குடை முந்நூற்று அறுபது. கை மறுபடி போனது.

"பேப்பர் மாத்தயா முந்நூற்று எண்பது!"

குடை வரவில்லை.

"முந்நூற்று எண்பது, ஒரு தரம்…"

வாயிலில் நின்ற காவல்காரனின் தடியை அப்போதுதான் கவனித்தேன். எண்பது ரூபா குறைகிறது. இத்தனை பேருக்கு முன்னால் அலுமாரிக்குப் பின்னாலிருந்து இழுத்து வரப்போகிறார்கள். தெரிந்த முகங்கள் எல்லாம் பார்க்கப்போகின்றன. யா அல்லாஹ், அந்தக் குடையைத் தூக்கிவிடு! அத்தனை உருக்கமாக நான் தொழுகையில்கூடக் கேட்டதில்லை.

"ரெண்டு தரம்…"

குடை எழுந்தது.

"நானூறு! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். குடை முதலாளி நானூறு!"

கூட்டம் விசிலடித்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அடுத்த நிமிடமே கிட்டார் போய்விட்டது உறைத்தது. என் வாழ்க்கையைப் பறித்தவன் யாரென்று பார்த்துவிடலாம் என்று அலுமாரியைச் சுற்றிக்கொண்டு மெத்தைப் பக்கம் போனேன்.

ஒரு கையில் குடை, மறு கையில் கிட்டாரின் கழுத்து. சாமானைப் பெற்றுக்கொண்டு வாப்பா நின்றுகொண்டிருந்தார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சுருட்டிய பத்திரிகையைப் பார்த்தார்.

"நீ நாவுலைக்குத்தானே போன?"

"நீங்க நாலந்தாவுக்கு…"

"பேப்பர் நீயா?"

"ஓம் வாப்பா."

அவர் மெத்தை அடுக்கில் சாய்ந்தபடி புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதுதான் வெளியே வந்தது. நான் கடையில் ஐந்து தடவை கூவியதை அவர் கேட்டிருக்கிறார். டவுன் பொடியன் எவனாவது அதை வாங்கினால் நான் அவன் வீட்டிலேயே கிடந்து கெட்டுப்போவேன். ஆகவே தானே வாங்கி, கண்ணில் படாமல் கொழும்புக்கு அனுப்பி விற்றுவிடத் திட்டம். பள்ளிவாசல் ஆள் கிட்டாருக்குக் கை தூக்குவதை யாரும் பார்க்கக்கூடாதென்றுதான் மெத்தையும் குடையும்.

"அந்தப் பேப்பர்க்காரன் விடாமக் கேக்க, இவன் லேசுப்பட்ட ஆள் இல்ல, மகன இவன்ட கையில விடவே ஏலாதுன்னு நினைச்சேன்" என்றார், மலையைப் பார்த்துக்கொண்டு.

பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் கிட்டார் உட்கார்ந்து வந்தது. முன் ஆசனத்திலிருந்த தோட்டத்து அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்னங்கய்யா இது, வீணைங்களா?"

"இல்லம்மா" என்றார் வாப்பா. "நானூறு ரூபா."

நாங்கள் இருவரும் சேர்ந்து வருவதைக் கண்டதும் உம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். வாப்பா நடந்ததைச் சொல்லி, "இது நம்ம வீட்டுக்குள்ள வராம இருக்கத்தான் வாங்கினேன்" என்று முடித்தார்.

"சரி. இப்ப அது எங்க இருக்கு?" என்று உம்மா கேட்டார்.

கிட்டார் மேசைமேல் இருந்தது.

கொழும்பு வியாபாரிகள் இருநூறுக்கு மேல் தரமாட்டோம் என்றார்கள். பாதி விலைக்கு விற்க வாப்பாவால் முடியவில்லை. அப்போதுதான் என் வாழ்க்கை திசை மாறியது. ஒரு மாலை கடையை மூடிவிட்டு வந்தவர் எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"வாசி. நானூறு ரூபா சாமான் சும்மா கிடக்க ஏலாது."

கம்பியைத் தட்டினேன். கடிக்க வந்த நுளம்பு பாடுகிற அளவுக்கு ஒரு சத்தம். வாப்பா காதை அருகே கொண்டு வந்தார்.

"என்னடா இது, ஊமையா?"

"கரண்ட் குடுக்கணும் வாப்பா. அதுக்கு வேற ஒரு பெட்டி இருக்கு."

"அந்தப் பெட்டி?"

"ஏலத்துல வரல்ல."

"நல்லதுதானே" என்றார் உம்மா. "சத்தம் இல்லாட்டி அக்கம் பக்கத்துக்கும் தொந்தரவில்ல."

ஆனால் வேலை செய்யாத சாமானை வீட்டில் வைத்திருப்பது வாப்பாவுக்கு அவமானம். ரேடியோ திருத்துகிறவரிடம் சொல்லி, பழைய ரேடியோ ஒன்றை உடைத்து, இன்னும் நூறு ரூபா செலவில் பெட்டி செய்வித்தார். அது வந்த அன்று அக்கம் பக்கத்து ஆட்களும் என் கூட்டாளிகளும் வந்து நிறைந்துவிட்டார்கள். நான் கண்ணை மூடி, முடியைச் சிலுப்பி, கம்பிகளை இழுத்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. மறுபடி இழுத்தேன். அதே சத்தம்தான்.

"பாட்டு?" என்றார் வாப்பா.

"இது பாட்டுக்கு முந்தி வாற சத்தம்."

வாப்பா பொறுமையாகக் காத்திருந்தார். கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பாட்டு எப்ப வரும் மகன்?"

"ஒரு… ஆறு மாசத்துல."

கூட்டம் சிரித்த சிரிப்பில் என் தாடி தானாக உதிர்ந்திருக்க வேண்டும். வாப்பா சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறே என்னைக் கண்டியில் ஒரு ஆசிரியரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். பின்னேரம் ஆனால் கடையிலிருந்து துரத்திவிடுவார்: "போய் வாசி, நானூறு ரூபா தூங்குது!" கிட்டார் வாசிக்கவில்லை என்று தகப்பனிடம் ஏச்சு வாங்கிய பிள்ளை மாத்தளையில் நான் ஒருவன்தான். எட்டு மாதத்தில் ஒரு முழுப் பாட்டு வந்தது. அன்று வாப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "இப்ப விற்றா முந்நூறு தேறும்" என்றார்.

விற்கவில்லை. கடையும் மூடப்படவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாப்பா எந்த விலையையும் ரூபாவில் சொல்வதை விட்டுவிட்டார். கடைக்குப் புதுத் தராசு வந்தது, அரைக் கிட்டார். என் கல்யாணச் சாப்பாடு ஒன்பது கிட்டார். அந்தக் கணக்கு அப்படியே எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.

போன பெருநாளைக்கு முன்பு என் மகள் கண்டியிலிருந்து ஒரு பிரிட்ஜ் வாங்கிக்கொண்டு வந்தாள். என்ன விலை என்று கேட்டேன்.

"இருநூற்றைம்பது கிட்டார், வாப்பா."

"அவ்வளவா!"

"இது குறைஞ்ச விலை" என்றாள் அவள். "கடையில நம்ம வீட்டு ஆள் வேற யாரும் இருக்கல்ல, அதனாலதான்."