பதினாறாயிரம் கதவுகளுக்கு ஒரு கேட் பாஸ்

ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை எத்தனையோ தோல், ஷூ கம்பெனிகளைப் பார்த்தவன் நான். எங்கள் வாட்ச்மேன் கேட்பாஸ் பாயைப் போல ஒரு சந்தேகப் பிராணியை எங்கும் பார்த்ததில்லை. தன் நிழல் தனக்கு முன்னால் கேட்டைத் தாண்டினால் அதையும் நிறுத்திப் பாஸ் கேட்கக்கூடியவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். அந்த ஷூ கம்பெனியில் பேக்கிங்கும் டெஸ்பாட்சும் பார்த்த பத்தொன்பது வருடத்தில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கம்பெனியை விட்டு எந்தப் பொருள் வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். வெள்ளைத் தாள் ஆபீசுக்கு, ரோஸ் தாள் கேட்டுக்கு, மஞ்சள் தாள் கொண்டுபோகிறவருக்கு. ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வரவேண்டிய மெஷினுக்குத் தனிப் புத்தகம். இது எல்லாக் கம்பெனியிலும் உள்ளதுதான். பாய் ஒருநாள் முதலாளியின் டிபன் கேரியரையே நிறுத்திவிட்டார்.

"காலைல உள்ள வந்தப்ப நாலு அடுக்கு சார். இப்ப மூணுதான் வெளிய போவுது. மீதி ஒண்ணு இன்னா ஆச்சு?"

அந்த ஒரு அடுக்கு கண்டுபிடிக்கப்படும்வரை முதலாளி காரிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பதினேழு நிமிடத்தில் ஒரு முடிவுக்கும் வந்தார். அப்போது கம்பெனியில் புதிதாக நெட்வொர்க் போட்டிருந்தார்கள். "இந்த ஆளைத்தான் கம்ப்யூட்டர் காவலுக்குப் போடணும்" என்று பாயை வேலூருக்கு ஆறு மாதப் படிப்புக்கு அனுப்பினார்.

பாய் சான்றிதழோடு வந்தார். வந்ததும் முதல் காரியமாகக் கேட்டிலிருந்து தன் பாஸ் புத்தகங்களை மாடியிலிருந்த சர்வர் அறைக்கு எடுத்துப் போனார்.

"ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தினி கேட்டு தெரியுமா சார்? அறுபத்தஞ்சாயிரத்து ஐநூத்தி முப்பத்தஞ்சு! போர்ட்டுனு பேரு. அத்தினியும் தொறந்து போட்டுட்டு ஊரே நிம்மதியா கீது!"

எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. அந்த எண்ணைக் கேட்டதும் மாத்திரை டப்பாவைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பாய் மூன்றே மூன்றைத் திறந்து வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூடினார். மூடப்பட்டவற்றில் பிரிண்டருக்குப் போகும் வழியும் ஒன்று. பதினொரு நாள் அட்டைப் பெட்டி லேபிள்களைக் கையால் எழுதினேன். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது லேபிள். பன்னிரண்டாம் நாள் பிரிண்டருக்கு ரோஸ் தாள் கிடைத்தது.

அடுத்தது பிராக்ஸி. உள்ளே இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் நேராக இன்டர்நெட்டுக்குப் போகக்கூடாது. இன்னது வேண்டும் என்று பிராக்ஸி சர்வரிடம் கேட்க வேண்டும். அது போய் வாங்கி வரும். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் மேல்தையல் பிரிவின் சூப்பர்வைசர் மேரியம்மா இதைக் கேட்டுவிட்டு, "ஏன் பாய், நாங்க டீ குடிக்கப் போறதுக்கும் உன் பிராக்ஸிதான் போய் குடிச்சிட்டு வருமா?" என்றார்.

"பேஜார் பண்ணாதம்மா. போய் லைனைப் பாரு" என்றார் பாய்.

பிறகு கொரோனா வந்தது. வருடா வருடம் நேரில் வந்து சாம்பிளைத் தடவிப் பார்த்து ஆர்டர் கொடுக்கும் ஜெர்மனிக்காரரால் வர முடியவில்லை. வீடியோவில் காட்டுங்கள் என்றார். புது டிசைன் வெளியே கசியக்கூடாது என்று முதலாளி கம்பெனிக்குள்ளேயே ஒரு கான்பரன்ஸ் சர்வர் வைத்தார். ஆர்டர் கிடைத்தால் இரண்டாவது தையல் லைன் ஓடும். கிடைக்காவிட்டால் மூடவேண்டியதுதான் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அந்த லைனில் அறுபத்து நான்கு பெண்கள். கணியம்பாடிப் பக்கத்திலிருந்துகூட இரண்டு பஸ் மாறி வருபவர்கள். அந்த வாரம் முழுக்க மேரியம்மா யாரிடமும் சிரித்துப் பேசவில்லை.

மீட்டிங்குக்கு முதல் நாள் ஒத்திகை. ஜெர்மனிக்காரர் 'குட் மார்னிங்' என்று அடித்த எழுத்து மட்டும் திரையில் வந்தது. முகமும் இல்லை, குரலும் இல்லை. ஒன்பது முறை முயன்றோம். ஒன்பது முறையும் குட் மார்னிங்தான்.

சர்வரோடு வந்த குறிப்பை நான் வரி வரியாகப் படித்தேன். எழுத்து ஒரு கதவு வழியாகவே வந்துவிடும். அது ஏற்கெனவே திறந்திருந்தது. படத்துக்கும் குரலுக்கும் 16384 முதல் 32768 வரை எல்லா போர்ட்டையும் திறந்து வைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. பாய் எத்தனை திறந்திருக்கிறார் என்று கேட்டேன்.

"ஆறு."

"ஆறா?"

"மீட்டிங்ல ஆறு பேரு. ஆளுக்கு ஒண்ணு. ஆறு பாஸ் போட்டு வெச்சிக்கிறேன், பாருங்க."

"பாய், அந்த சர்வர் எந்தக் கதவுல கையை வெக்கும்னு யாருக்குமே தெரியாது. நீங்க தொறந்த ஆறையே அது தேடி வருமா?"

"அதுக்காக பதினாறாயிரம் கேட்டைத் தொறக்கச் சொல்றீங்களா? என் கை வராது சார்."

முதலாளி சொல்லிப் பார்த்தார். நான் கும்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் மேரியம்மா மாடியேறி வந்தார். "பாய், நீ கேட்டுல நின்ன காலத்துல, சாயந்தரம் ஷிப்ட் வுடறப்ப ஆளுக்கொரு பாஸா போட்ட?"

"அதெப்டி? அத்தினி பேருக்கு எப்டிம்மா போடறது?"

"அப்ப நீ இன்னா பண்ண?"

"பெரிய கேட்டைத் தொறந்துட்டு பக்கத்துலயே நின்னேன்."

"அதையே பண்ணு. என் பொண்ணுங்களுக்காகப் பண்ணு."

 திரும்பி வரும் பொருளுக்கான புத்தகத்தைப் பாய் எடுத்து, ஜெர்மனிக்காரரின் கம்ப்யூட்டர் முகவரியிலிருந்து வருவதற்கு மட்டும், மீட்டிங் முடியும்வரை மட்டும் என்று எழுதினார். கதவுகள்: 16,384.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒண்ணு குறையுது பாய். ரெண்டு ஓரத்தையும் சேர்த்து எண்ணணும். பதினாறாயிரத்து முந்நூத்தி எண்பத்தஞ்சு."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. "அல்லா! பாஸ் இல்லாம ஒரு கேட்டு தொறந்து கெடந்திருக்கும் சார்!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்கு ஜெர்மனிக்காரர் முகத்தோடும் குரலோடும் வந்தார். மேரியம்மா ஷூவைக் கேமராவுக்குக் கிட்டே பிடித்தார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று அவர் கேட்க, மேரியம்மா ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் காட்டினார். பாய் சர்வர் அருகில் நின்றபடி, உள்ளே வருவது எல்லாம் அந்த ஒரே முகவரியிலிருந்துதானா என்று வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஐம்பது நிமிடம்.

ஜெர்மனிக்காரர் சரி என்றார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது பாய் கேமராவுக்குள் தலையை நீட்டினார். "சார், ஒன் மினிட். அவுட் டைம்?"

அவர் சிரித்துக்கொண்டே தன் கடிகாரத்தைப் பார்த்து ஒன்பது ஐம்பது என்றார். "நோ சார். அது உங்க கேட்டு டைம்" என்று சொல்லிவிட்டுப் பாய் ஒன்று இருபது என்று பாஸில் எழுதிக்கொண்டார்.

கீழே லைனில் மேரியம்மா செய்தி சொன்னதும் எழுந்த கூச்சல் மாடிவரை கேட்டது. பாய் திரும்பவில்லை, எல்லாக் கதவும் மூடியாகிவிட்டதா என்று இன்னும் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களாலதான் பாய்" என்றேன்.

"நான் இன்னா சார் பண்ணேன்? சும்மா நின்னேன்."

அவர் அப்படி நின்றதால்தான் அறுபத்து நான்கு பேர் மறுநாளும் வேலைக்கு வருவார்கள் என்று சொல்ல நினைத்தேன்.  பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டேன்.