பூட்டிய வீட்டுக்குள் ஒரு பிரபஞ்சம்

"வெளியே பூட்டிட்டுப் போ பாண்டி. தலைவலி மண்டையைப் பொளக்குது. ஒருத்தரும் கதவைத் தட்டக் கூடாது."

நத்தத்தில் காதுகுத்து என்று புதுச் சுங்குடி கட்டிக் கிளம்பிய பாண்டிச்செல்வி, மறுபேச்சு பேசாமல் பூட்டிவிட்டுப் போனாள். சேதுபதிக்கு அப்பாடா என்றிருந்தது.

நாகல் நகரில் வெங்காயக் கடை வைத்திருக்கிற மனுஷன், பிரபஞ்சம் பிறந்த கதையை ஆன்லைனில் படிக்கிறார் என்று தெரிந்தால் ஊர் சும்மா விடுமா? பெண்டாட்டிக்கே சொல்லவில்லை. இன்றைக்குக் கடைசிப் பரீட்சை. பாஸானால்தான் சான்றிதழ். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். வாயைத் திறந்தால் எச்சரிக்கை. அப்புறம் வேறு ஆள் தலை தெரிந்தால் ரத்து.

இரண்டு கேள்விகளை ஊதித் தள்ளினார். மூன்றாவதில் முழி பிதுங்கியது. 'ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகப் பிறந்து ஒன்றையொன்று அழித்திருந்தால், நாம் எப்படி மிஞ்சினோம்?'

அந்த நேரம் பார்த்துத்தான் வெங்காயத் தரகர் அருளப்பன் வந்து தொலைய வேண்டுமா? பூட்டைப் பார்த்தார், போனைப் போட்டார். வீட்டுக்குள் மணி அடித்தது.

போனை அணைக்கலாமென்றால், லேப்டாப்புக்கு நெட்டே அதிலிருந்துதான். கட் பண்ணப் பண்ண மறுபடி அடித்தது. எடுத்துக் கிசுகிசுத்தார்: "அண்ணே, நான் ஒட்டன்சத்திரத்துல இருக்கேன்."

திரையில் எச்சரிக்கை வந்தது.

"ஏலே, இது சேதுபதி குரலே இல்ல! அவன் போனைத் திருடன் வச்சிருக்கான்! வீட்டுக்குள்ளதான் இருக்கான்!" என்று அருளப்பன் தெருவைக் கூட்டினார். ஜன்னல் நிறையத் தலைகள். பதறிப்போன சேதுபதி, ஆவி பிடிக்கிற மாதிரி லேப்டாப்போடு சேர்த்துப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"பாரு, மூஞ்சிய மறைக்கிறான்!"

போர்வைக்குள் வேர்த்து விறுவிறுத்து, தோன்றியதை எழுதி அனுப்பினார். திரையில் 'பாஸ்' என்று வந்தது. சந்தோஷத்தில் போர்வையை வீசிவிட்டுக் குதித்தார்.

"அட, நம்ம சேதுபதி! உள்ள என்னப்பா பண்றே?"

இனி மறைத்து என்ன? "பிரபஞ்சம் எப்படிப் பொறந்துச்சுன்னு பரிட்சை எழுதுனேன்ணே!"

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. எதிர்வீட்டு ஷரீஃபா வீட்டிலிருந்து சாவியோடு ஓடிவந்த பாண்டிச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

"நீ நத்தம் போகலையாத்தா? கையில தாம்பூலப் பையக் காணோமே?" என்றார் அருளப்பன்.

அவள் பூட்டைத் திறந்தாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கும் பாஸுதான். அந்த மூணாவது கேள்விக்கு நீங்க என்ன எழுதுனீக?"