தாளிக்காத ரோல்

ஒரு தட்டு போண்டாவை ஒரே வாக்கியத்தில் கசக்க வைக்கக்கூடிய மனிதர் உலகத்திலேயே, நாங்கள் ‘கலோரி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தவர் ஒருவர்தான். கோயம்புத்தூர்க்காரர், தனிக்கட்டை, கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் எங்களுக்குக் கீழ் வீடு. யார் வீட்டுப் பிறந்தநாளானாலும், போண்டா வாய்க்குப் போகும் நேரம் பார்த்து, "இது ஒண்ணுக்கு ஏரியைச் சுத்தி மூணு ரவுண்டு ஓடோணுங்க" என்பார். கடைசியில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். நானும்தான்.

தொண்ணூற்றேழில் என் மனைவி கீதாவுக்கு நாலாவது மாசம். தாளிக்கிற வாசனை பட்டாலே வாந்தி. ரசம், தயிர் சாதம், ரொட்டி, எதுவும் வயிற்றில் தங்கவில்லை. திங்கட்கிழமைக்குள் எடை இன்னும் குறைந்தால் அட்மிட் பண்ண வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சனிக்கிழமை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

படியில் என்னைப் பிடித்து விசாரித்த கலோரி, "தாளிப்பே இல்லாம, ஆறினதாக் குடுக்கோணும். வாங்க, சான் ஹோசே போலாம்" என்று காரில் ஏற்றினார்.

போனது ஒரு வியட்நாம் கடை. "பொரிச்ச ஸ்பிரிங் ரோல் வேண்டாங்க, அது போண்டாவுக்குத் தம்பி. பொரிக்காததப் பாருங்க. அரிசித்தாளுக்குள்ள சேமியா, லெட்யூஸ், புதினா, கேரட். எண்ணெய் சொட்டுகூட இல்ல. டோஃபு வெச்சா புரோட்டீனும் ஆச்சு."

அதுவரை சரி. கீதா சுத்த சைவம் என்றதும் கடைக்கார அம்மாளிடம் ஆரம்பித்தார். இறால் உண்டா? மீன் சாஸ் உண்டா? இது இறால் வெட்டின கத்தியா? வரிசை வாசல் வரை நீண்டது. அந்த அம்மாள் கத்தியைத் தூக்கியபோது நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அந்த அம்மாளோ அதைக் கழுவி, கையுறை மாற்றி, நாலு ரோல் சுற்றிக் கொடுத்தார். கூடவே வேர்க்கடலை சாஸ். "இதுல மீன் இல்லையே?" என்றார் கலோரி.

"அவுட்!" என்று வாசலைக் காட்டினார் அந்த அம்மாள்.

வீட்டுக்கு வந்ததும் கீதா ஒரு ரோல் சாப்பிட்டாள். கலோரி உள்ளே வரவில்லை. தன் தலையின் தேங்காய் எண்ணெய் வாசனை அவளுக்கு ஆகாமல் போகுமோ என்று படியிலேயே நின்றார். பத்து நிமிஷம் போனது. கீதா சட்டென்று வாயைப் பொத்தினாள். நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"என்னாச்சுங்க?" என்று வெளியிலிருந்து குரல்.

"இருங்க சார்!"

ஏப்பம். வெறும் ஏப்பம்தான். "இன்னொண்ணு குடுங்க" என்றாள் கீதா. கதவைத் திறந்து சொன்னேன். மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை எடை குறையவில்லை. அடுத்த ஆறு வாரமும் கலோரி ஆபீஸ் முடிந்து, ஃப்ரீவே நெரிசலில் போய் ரோல் வாங்கி, எங்கள் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போனார். அவரைக் கூப்பிடாமல் இருந்ததை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருந்தது.

பெண் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களெல்லாம் யார் ஜாடை என்று ஆராய்ந்தார்கள். கலோரி மட்டும் தள்ளி நின்று, "வெயிட் எவ்வளவுங்க?" என்றார். குழந்தையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.