அரசர் எழக் கூடாது

எல்லோருக்கும் கட்டிக்கொள்ள ஏதாவது ஒன்று கிடைத்துவிடுகிறது, எனக்குத்தான் எப்போதும் கிடைப்பதில்லை என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அது தத்துவம் மாதிரி ஆகிவிடும். அவள் தேடியது ஒரு தூணை.

விஸ்கான்சினில் அந்தத் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் தூண்கள் ஒன்பதுதான். நாடா நெசவு வகுப்புக்கு வந்தவர்கள் பத்துப் பேர். நூலின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை இடுப்பு வாரில் கட்டிக்கொள்ள வேண்டும். நடுவே, நான்கு மூலையிலும் ஓட்டை போட்ட பன்னிரண்டு சீட்டுகள். சீட்டைத் திருப்பி, குறுக்கு நூலை ஓட்டி, மறுபடி திருப்பினால் பட்டை வளரும். தறி என்று தனியாக ஒன்றும் கிடையாது. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி விறைப்பாக உட்கார்ந்திருப்பவள்தான் தறி.

"கொஞ்சம் தளர்ந்தாலும் சீட்டு புரண்டுடும். அப்புறம் முதல்ல இருந்துதான்," என்று ஆசிரியை கோரின் சொல்லியிருந்தாள். வார நாட்களில் அவள் மற்றவர்களின் பல்லைச் சுத்தம் செய்கிறவள் என்பது மார்லிஸுக்குத் தெரியும், ஏனென்றால் அதில் மார்லிஸின் பல்லும் உண்டு. ஆனால் சனிக்கிழமைகளில் கோரின் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சீமாட்டி. வகுப்பை நடத்துவது, ஐரோப்பாவின் பழைய அரசர் காலத்தை வேடம் போட்டு நடித்துப் பார்க்கும் ஒரு சங்கம். அந்தக் கூடத்தில் வாரநாள் வேலையைக் கேட்பதும் வாரநாள் பெயரைச் சொல்வதும் நாகரிகம் இல்லை.

சுவரோரம் விரிப்பு போர்த்திய ஒரு நாற்காலி இருந்தது. மார்லிஸ் அதன் காலில் நூலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாலைக்குள் ஒரு முழம் நெய்ய வேண்டும். ஐந்து மணிக்குக் கணவன் டுவேன் காரில் வருவான். வீட்டில் கார் நிறுத்தும் கொட்டகையின் ஒரு சுவர் முழுக்க அவள் பாதியில் விட்டவை தொங்குகின்றன: ஒற்றைக் கை ஸ்வெட்டர், விலா எலும்பு மட்டும் உள்ள படகு, நான்காம் பாடத்தோடு நின்ற இத்தாலியப் புத்தகம். டுவேன் அதற்கு மேலே 'அருங்காட்சியகம்' என்று பலகை எழுதி மாட்டியிருந்தான். வந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

பதினோரு மணிக்குப் பனி கொட்ட ஆரம்பித்தது. நாலு மணிக்கு நடக்க இருந்த சங்கத்தின் அரசவையை நண்பகலுக்கு மாற்றிவிட்டார்கள். கட்டியக்காரர் விரைந்து வந்து நாற்காலியின் விரிப்பை உருவினார். உள்ளே ஒட்டுப்பலகையில் செய்த சிம்மாசனம். கைப்பிடியில் இரண்டு சிங்கங்கள், ஒன்றுக்கு மூக்கு இல்லை.

"இதுல எதையோ கட்டியிருக்காங்களே."

"என்னைத்தான்," என்றாள் மார்லிஸ்.

"அவிழ்த்துடுங்க."

"அவிழ்த்தா புரண்டுடும்ங்க. மூணு மணி நேர வேலை."

கோரின் ஓடி வந்தாள். "நாற்காலியோட இவளும் நகரட்டும். மேடைக்குப் போனதும் பின்னாடி உட்கார வச்சிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

இரண்டு பேர் சிம்மாசனத்தைத் தூக்கினார்கள். வேகமாகப் போனால் இழுத்தது, மெதுவாகப் போனால் தளர்ந்தது. இடுப்பைத் தள்ளிக்கொண்டு, சந்தைக்குப் போகும் கன்றுக்குட்டி மாதிரி மார்லிஸ் பின்னாலேயே நடந்தாள். மேடைக்குப் பின்னால் இடம் இல்லை, சுவர்தான் இருந்தது. ஆகவே முன்பக்கம், எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்தாள்.

அரசர் வந்தார். பக்கத்து ஊர்க்காரர். கதவை அடைத்துக்கொண்டு வருகிற உடம்பு. போன மாதம் நடந்த போட்டியில் ஏழு பேரைப் பிரம்பு வாளால் சாத்தி முடி சூடியவர். அவருக்கு இது முதல் அவை. அவர் உட்கார்ந்ததும் சிம்மாசனம் பாறையாக ஊன்றியது. காலையிலிருந்து நூல் இவ்வளவு விறைப்பாக நின்றதே இல்லை. மார்லிஸுக்கு அரசர்மேல் உண்மையான பக்தி பிறந்தது.

அவர் குனிந்தார். "என் நாற்காலியில என்னம்மா கட்டியிருக்கீங்க?"

"நூலுங்க."

"ஏன்?"

"தூண் கிடைக்கலைங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு. கட்டியக்காரர் தடியைத் தரையில் தட்டினார். "அவையோரே, கேளுங்கள். மன்னரின் அரியணையோடு தன்னைப் பிணைத்து வீற்றிருக்கும் இம்மாது..." குரலைத் தாழ்த்தினார். "பேரு என்னங்க?"

"மார்லிஸ்."

"அது வேண்டாம். இங்க வச்ச பேரு."

"இன்னும் வைக்கலை. ரெண்டு பேரு பாதியில நிக்குது."

"...பெயர் வேண்டாத இம்மாது, அரசக் கயிறு நெய்பவள்!"

மூன்றாம் வரிசையில் தடிமனான கண்ணாடிக்காரர் கை தூக்கினார். "இதுக்குச் சரித்திர ஆதாரம் இருக்கா?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அங்கே கால்சட்டை இல்லாமல் வந்தாலும் மன்னிப்பு உண்டு, ஆதாரம் இல்லாமல் வந்தால் கிடையாது.

"பிரான்சுல, பர்கண்டியில இருந்திருக்கு," என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. "எங்கேயோ படிச்ச ஞாபகம்."

"பிரபுக்கள் வீட்லதானே? அரசவையில இல்லையே."

"அரசவையிலயும்தான். கயிறு முடியற வரைக்கும் அரசர் எழுந்திருக்கக் கூடாது. அதுதான் முறை."

கண்ணாடிக்காரர் குறித்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் அந்த முறைக்கு இரண்டு பாடபேதங்கள் உண்டாகி, இரண்டு கட்சிகளும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டிருந்தன. மற்ற ஒன்பது மாணவிகளும், சீட்டு புரண்டாலும் பரவாயில்லை என்று தூணிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் சிம்மாசனத்தில் கட்டிக்கொண்டு உட்கார, அரசர் வடம் பிடித்த தேர் மாதிரி நடுவில் மாட்டிக்கொண்டார்.

"என்னோடது புரளலையே?" என்று மார்லிஸ் கோரினைக் கேட்டாள்.

"இல்லை. ஆனா நான் இருபது வருஷமா நாடா நெய்யறேன், என்னை யாரும் மேடையில உட்கார வச்சதில்லை," என்றாள் கோரின். வாழ்த்தா வருத்தமா என்று தெரியவில்லை.

முதலில் அரசருக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று மணிக்கு நெளிய ஆரம்பித்தார். ஒருமுறை லேசாக எழுந்தார். சிம்மாசனம் ஒரு சாண் வழுக்கிக்கொண்டு போனது.

"உட்காருங்க மன்னா," என்று பத்துப் பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

உட்கார்ந்தார். மார்லிஸின் சீட்டுகளில் இரண்டு புரண்டிருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு சரிசெய்தாள்.

"வேற யாராவது கொஞ்ச நேரம் உட்காரலாமே," என்றார் அரசர்.

"அரியணையில வேற ஆள் உட்கார்ந்தா அதுக்குப் பேரு கலகம்," என்றார் கட்டியக்காரர்.

"சமையலறையில உருளைக்கிழங்கு மூட்டை இருக்கு. அதைத் தூக்கி வைக்கலாம்."

"மன்னா, நம்ம காலத்துல உருளைக்கிழங்கே கிடையாது," என்றார் கண்ணாடிக்காரர் வேதனையோடு.

தேவாலயக் காவலாளி நார்ம் படியிறங்கி வந்தார். அந்தக் கூடத்தில் ஜிப் வைத்த சட்டை போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். "இங்க மார்லிஸ் யாரு? உங்க வீட்டுக்காரர் போன் பண்ணார். அஞ்சு மணிக்கு வர முடியாதாம். இங்க வர்ற மூணு ரோடும் மூடிக்கிச்சு. பனி தள்ளுற வண்டி இன்னும் வரலையாம்."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"பாதியோட கொண்டு வந்தா போதுமாம். சுவத்துல ஆணி அடிச்சு வச்சுட்டாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸ் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். பனி பெய்துகொண்டே இருந்தது. தனக்காகவே வானம் நேரத்தைக் கொட்டுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஐந்து மணி என்ற ஒன்று இன்றைக்கு இல்லை. இடுப்பை இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள்.

நார்ம் அரை மணியில் மறுபடி வந்தார். "கார்ல்டன்னு யாராவது இருக்கீங்களா? கோட்டு மாட்டுற ரூம்ல அந்தப் பேரு ஒட்டின போன் ஒண்ணு கத்திக்கிட்டே இருக்கு."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சர் உல்ரிக் இருந்தார், பிரபு அன்செல்ம் இருந்தார். கார்ல்டன் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. அரசர் மூக்கில்லாத சிங்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

நார்ம் போனதும் அவர் குனிந்தார்.

"இன்னும் எவ்வளவும்மா?"

"நாலு விரக்கடைங்க."

"கோரின்கிட்ட கத்தரிக்கோல் இருக்கும்."

"முடிஞ்சதும் வாங்கிக்கறேன்."

"இப்பவே நறுக்கிட்டா என்ன? பார்க்க முழுசாத்தான் இருக்கு."

"இல்லைங்க," என்றாள் மார்லிஸ். "என்ன அவசரம் மன்னா? வெளியில போனாலும் எங்கயும் போக முடியாது. முதல்ல பனி தள்ளுற வண்டி வரட்டும்."

அரசர் இடம் பார்த்தார், வலம் பார்த்தார். கிரீடம் புருவத்துக்கு இறங்கும் அளவுக்குக் குனிந்தார்.

"அந்த வண்டியோட சாவி என் அங்கிக்குள்ள இருக்கும்மா. அதை ஓட்டுறவன் நான்தான்."

மார்லிஸ் மூன்று சாலைகளையும், ஆணியடித்துவிட்டுக் காத்திருக்கும் டுவேனையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு பன்னிரண்டு சீட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துத் திருப்பினாள்.

"அப்படின்னா அவசரமே இல்லைங்க," என்றாள் மெதுவாக. "நீங்க உட்கார்ந்திருக்கிற வரைக்கும் என்னைக் கூட்டிட்டுப் போக யாரும் வர முடியாதே."