வெள்ளை எழுத்தில் நாற்பது வேலைகள்

எனக்குத் தெரியாத வேலைகளில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு என்று ஒரு காலத்தில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். "மேற்கண்டவை யாவும் உண்மை" என்ற வரியோடு.

எம்.சி.ஏ. முடித்திருந்தேன். கல்லூரிக்கே வந்து என்னைத் தேர்ந்தெடுத்த நிறுவனம், சேர வேண்டிய தேதியை மூன்று முறை தள்ளி வைத்தது. நான்காவது முறை பதில் போடுவதையே நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் ஏதோ வங்கி கவிழ்ந்துவிட்டதாம். கவிழ்ந்தது நேராகக் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து விழுந்தது. (வேறு இடமே கிடைக்கவில்லை அதற்கு!)

வேலை தேடுவதெல்லாம் அப்போதே இணையத்துக்குப் போய்விட்டது. ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் தினமும் ஒரு மணி நேரம் உட்காருவேன். ஐந்து மாதத்தில் இருநூறு விண்ணப்பமாவது போட்டிருப்பேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது." அதை அனுப்பியதும் ஒரு இயந்திரம்தான். "நீ வேண்டாம், போ" என்று சொல்லக்கூட எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை.

காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறவர்களைப் பார்க்கப் பிடிக்காமல் பத்து மணிக்கு மேல்தான் தெருவில் இறங்குவேன். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "இன்னும் ரெண்டு வாரத்துல சேர்ந்துடுவா" என்பார். ஐந்து மாதமாக அதே இரண்டு வாரம். அம்மா ஒன்றும் கேட்காமல் என் தட்டில் ஒரு தோசை கூடுதலாகப் போடுவாள். அதுதான் அதிகமாக வலித்தது.

ஒருநாள் சென்டர் நடத்திய சேகர் அண்ணன் என் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாமா, டெய்லி வந்துகினு கீற. ஒரு போன்கூட வர்லியா?"

"இல்லண்ணா."

"மனுசன் எவன் இதெல்லாம் படிக்கிறான்? கம்ப்யூட்டர்தான் படிக்குது. அது தேடுற வார்த்தை இருந்தா உள்ள, இல்லாங்காட்டி வெளிய. எல்லா வார்த்தையும் கடைசில போட்டு வெள்ளை கலரு குட்த்துடு. ஆளு கண்ணுக்குத் தெரியாது, மிசினுக்குத் தெரியும்."

எனக்கு அது தெய்வ வாக்காகப் பட்டது. செய்தித்தாளின் வேலைவாய்ப்புப் பக்கத்தை மடியில் விரித்துக்கொண்டேன். முதலில் கணினிச் சொற்களைத்தான் அடித்தேன். பிறகு கை நிற்கவில்லை. நாற்பது வேலைகள்! எல்லாவற்றையும் வெள்ளையாக்கினேன். பார்த்தால் சுத்தமான காகிதம். கண்ணில் பட்ட கம்பெனிக்கும் கன்சல்டன்சிக்கும் அதை அனுப்பி வைத்தேன்.

நான்காம் நாள் போன் வந்தது. சோழிங்கநல்லூரில் ஒரு கண்ணாடிக் கட்டடம். அப்பா தன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். மேடவாக்கம் வழியாகப் போகும் பஸ்ஸில், மனதுக்குள் முதல் மாதச் சம்பளத்தையே செலவழித்துவிட்டேன்.

அறையில் இருவர். கண்ணாடி போட்ட ஒரு சார், மாலதி என்று ஒரு மேடம். அவர்களுடைய கணினி எல்லோருடைய பயோடேட்டாவையும் ஒரே அச்சில் மாற்றி எடுக்குமாம். என்னுடையதையும் எடுத்திருந்தது. கடைசிப் பக்கத்து வெள்ளை எழுத்து வரை, கன்னங்கரேல் என்று.

"உங்களுக்கு கிரேன் ஓட்டத் தெரியுமா?" என்றார் சார்.

நேர்காணலில் "தெரியாது" என்று சொல்லவே கூடாது என எங்கோ படித்திருந்தேன்.

"கத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"எங்க?"

"ஹார்பர்ல சார்."

"பாய்லர்?"

"பேசிக்ஸ் தெரியும்."

"பிரசவம் பாக்குறது?"

"அது... டீம் ஒர்க்தான சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேஜையில் கவிழ்ந்தார். தோள்கள் குலுங்கின. மாலதி மேடம் சிரிக்கவில்லை.

"இந்த நாப்பதுல நீங்க யாரும்மா?" என்றார்.

யோசித்தேன். அழுகைதான் வந்தது.

"வெளிய வெயிட் பண்ணுங்க."

போலீசைக் கூப்பிடப் போகிறார்கள் என்றே நினைத்தேன். ஓடிவிடலாம் என்றால், அப்பாவின் பேனா உள்ளே மேஜைமேல் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மேடம் டிபன் பாக்ஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பேனாவைக் கொடுத்தார்.

"இங்க உங்களுக்கு வேலை இல்ல. எனக்கே இந்த மாசக் கடைசி வரைக்கும்தான். ஆள் குறைக்கிறாங்க. அதனால அரை மணி நேரம் தாராளமா இருக்கு. சொல்லுங்க, இந்த அஞ்சு மாசம் வீட்ல என்ன பண்ணிங்க?"

"சும்மாதான் இருந்தேன் மேடம்."

"சும்மான்னா?"

துருவித் துருவிக் கேட்டதில் ஒன்று வெளியே வந்தது. அப்பாவின் பள்ளியில் முப்பது ஆசிரியர்களுக்கும் பாடவேளை ஒன்றோடொன்று மோதாமல் கால அட்டவணை போட ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். முன்பெல்லாம் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு போட்டதை இப்போது அரை நாளில் முடிக்கிறார்கள்.

"இது ஏன் பயோடேட்டால இல்ல?"

"அது வேலை இல்லையே மேடம். அப்பாவுக்குச் செஞ்சது."

மேடம் தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தின் நாற்பதையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். முதல் பக்கத்தின் உச்சியில் அந்தக் கால அட்டவணை புரோகிராமை எழுதச் சொன்னார். மூன்று முறை வாய்விட்டுச் சொல்லவும் வைத்தார். முதல் முறை என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது முறை காவலாளி திரும்பிப் பார்த்தார்.

உடனே வேலை கிடைத்துவிடவில்லை. மேலும் ஐந்து மாதம், மேலும் கூடுதல் தோசைகள். கடைசியில் பல்லாவரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில், வேன் டிரைவர்களுக்கு ஷிப்ட் போட்டுக் கொடுக்கும் வேலை. செய்தியைச் சொல்ல மாலதி மேடத்தைத் தேடிப் போன் செய்தேன். "அப்படி யாரும் இங்க இல்லையே" என்றார்கள். அவருக்கு எங்காவது வேலை கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பயோடேட்டாவில் இருந்த நாற்பதையும் நான் அழித்துவிட்டேன். உலகம் அழிக்கவில்லை. எந்தெந்த கன்சல்டன்சியின் கணினியில் என்னுடைய பழைய அவதாரம் உட்கார்ந்திருக்கிறதோ, வருடத்துக்கு இரண்டு மூன்று அழைப்பு அம்மா வீட்டு எண்ணுக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. போன மாதம் வால்பாறையில் இருந்து. தேயிலைத் தோட்டத்துக்கு மேற்பார்வையாளர் வேண்டுமாம். அந்த வார்த்தையை எப்போது போட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

அம்மா தவறான எண் என்று சொல்லி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வீடு தருவார்களா, அட்டைக்கடி உண்டா, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பத்து நிமிடம் விசாரித்திருக்கிறாள்.

"ஏம்மா, எனக்குத்தான் வேலை இருக்கே?" என்றேன்.

"இருக்குடி. இருந்தாலும் ஒரு மனுஷன் கூப்பிட்டுக் கேக்கறப்போ எப்படி வேணாம்னு சொல்றது?" என்றாள். "ரெண்டு வாரம் டைம் கேட்டிருக்கேன்."