விண்கல் மூடியும் சிவப்புப் புள்ளியும்

சனிக்கிழமை பிற்பகல். சமூகக்கூடத்துச் செருப்பு அலமாரி பிதுங்கி வழிந்தது. புல்லாங்குழல் குழுவில் வாசிப்பவர்கள் பதினெட்டுப் பேர். வாசலில் கிடந்ததோ நாற்பது ஜோடி. ஜப்பானில், சைதாமாவின் அந்தப் புறநகரில் இத்தனை கால்கள் கடைசியாக ஒன்றுகூடியது, பல்பொருள் அங்காடியில் இலவசமாக முலாம்பழம் கொடுத்த அன்றுதான்.

இன்றைய முலாம்பழம் குஜிராய் சென்செய். ஆசானையும் மருத்துவரையும் அங்கே சென்செய் என்பார்கள். இவர் "ஒலி மருத்துவர்". பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. முகவரி அட்டையில் அச்சடித்திருக்கிறதே, போதாதா?

வெள்ளிப் புல்லாங்குழலின் அடைத்த முனையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூடி இருக்கும். உள்ளே இருக்கும் தக்கையைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் உத்தியோகம். சென்செய் விற்ற மூடிக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம். அது வானத்திலிருந்து விழுந்த கல்லின் உலோகமாம். குழலில் திருகினால் ஓசை கடைசி வரிசையின் கடைசி நாற்காலி வரை பறந்துபோய் உட்காருமாம். விலை, ஒரு நல்ல குளிர்சாதனப் பெட்டியின் விலை. முழங்கால் வலியும் குறையும் என்று சென்செய் சொல்லவில்லை. அதைக் கூட்டமே சேர்த்துக்கொண்டது.

எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருக்க, மூன்றாவது வரிசையில் மினெகிஷி ஃபுமியே மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். காரணம் இருந்தது. இலையுதிர்கால விழாவில் தனியாக வாசிக்கும் வாய்ப்புக்காக இரண்டு வருடமாக ஒரே மெட்டைத் தேய்த்தவள் அவள். அதில் ஒரு குறையும் இல்லை, ஓசை சின்னது என்பதைத் தவிர. இன்று காலை குழுத் தலைவி கொகுரே அம்மாள் மெல்லச் சிரித்தபடி அறிவித்துவிட்டார்: தனி வாசிப்பு இனி மூடி வாங்கியவர்களுக்குத்தான். வாங்குவோர் பட்டியல் கைமாறிக் கைமாறி ஃபுமியேவின் மடிக்கு வந்துவிட்டது. பதினேழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதினேழு பேர் போட்ட இடத்தில் பதினெட்டாவது ஆள் போடாமல் இருப்பது அந்த ஊரில் தும்மலை அடக்குவதைவிடக் கடினம்.

சென்செய் செய்முறை காட்டினார். குழுவில் வாசிக்கும் ஹனவா அம்மாளின் குழலை இரவல் வாங்கி, முதலில் பழைய மூடியோடு ஊதினார். ஏதோ கேட்டது. பிறகு வாய்வைக்கும் தலைப்பகுதியைக் கழற்றி, கண்ணை மூடி, விண்கல் மூடியைத் திருகி, தலையைத் திரும்பப் பொருத்தி ஊதினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "ஹோஒ" என்றது கூட்டம். ஒருவர் கண்ணைத் துடைத்தார். வெளியே மிதிவண்டியில் போனவர்கூட நின்று பார்த்தார்.

ஃபுமியேவுக்கும் ஓசை பெரிதாகத்தான் கேட்டது. கையெழுத்துப் போடப் பேனாவைக்கூடத் திறந்துவிட்டாள். ஆனால் அவள் முப்பது வருடம் பல் மருத்துவருக்குப் பல்லுறை செய்து கொடுத்தவள். அரிசி அளவு பிசகினாலும் கண்ணில் குத்தும். குழல் வாசிப்பவர்கள் தலைப்பகுதியிலும் உடற்பகுதியிலும் நகப்பூச்சால் ஒவ்வொரு புள்ளி வைத்துக்கொள்வார்கள். பொருத்தும்போது இரண்டும் நேர்க்கோட்டில் வர வேண்டும். ஹனவா அம்மாளுடைய சிவப்புப் புள்ளிகள் இப்போது ஓர் அரிசி அகலம் விலகி நின்றன.

பேனா மூடிக்கொண்டது.

"சென்செய், தப்பா எடுத்துக்காதீங்க," என்று மூன்று முறை குனிந்து எழுந்தாள் ஃபுமியே. "என் காது ரொம்ப மந்தம். இன்னொரு தடவை கேட்டாத்தான் எனக்குப் புரியும்."

மந்தக் காதுக்கு இரங்காத மருத்துவர் உண்டா? சென்செய் தலையசைத்தார். முதியோர் தின விழாவுக்காக வைத்திருந்த தங்கநிற மடிப்புத்திரையைக் கொண்டுவந்து விரித்தார்கள். திரைக்குப் பின்னால் ஃபுமியே மூடி மாட்டுவாள், ஹனவா அம்மாள் ஊதுவார், ஆறு தடவை. விண்கல்லா, பழசா என்று எல்லோரும் காகிதத்தில் எழுத வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். சென்செய்யும் ஒரு காகிதம் வாங்கிக்கொண்டார். மறுத்தால் நன்றாக இருக்குமா?

ஆறு தடவையும் கூட்டம் கண்ணை மூடித் தலையாட்டியது. மூன்றாவது தடவையில் கொகுரே அம்மாள் கன்னத்தில் கைவைத்து, "இதுதான், இதுதான்" என்று முணுமுணுத்தார். ஐந்தாவதுக்கு யாரோ ஒருவருக்குப் புல்லரித்தே விட்டது.

காகிதங்களைப் படித்தார்கள். எந்த இரண்டு பேரும் ஒரே மாதிரி எழுதவில்லை. சென்செய் நான்கு இடத்தில் "விண்கல்" என்று எழுதி, ஒன்றில் அடிக்கோடும் போட்டிருந்தார்.

"விண்கல் மூடி எங்க, மினெகிஷி-சான்?" என்றார் கொகுரே அம்மாள்.

"உங்க முன்னாலதாங்க. அரிசி வறுவல் தட்டுல, கடல்பாசி சுத்தின வறுவலுக்குப் பக்கத்துல. முதல்லயே வச்சுட்டேன். ஆறு தடவையும் பழைய மூடிதான்."

நாற்பது பேரும் தட்டைப் பார்த்தார்கள். மூடி அங்கே எள் ஒட்டிக்கொண்டு அப்பாவியாகக் கிடந்தது.

சென்செய் லேசில் விடுவாரா? விண்கல்லின் அதிர்வு அறை முழுக்கப் பரவிவிட்டது, அதனால்தான் பழைய மூடியிலும் கேட்டது என்றார். அப்படியென்றால் ஒரே ஒரு மூடி போதுமே, நாம் ஏன் பதினெட்டு வாங்க வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மருத்துவர் மூடியை எடுத்து எள்ளைத் தட்ட ஆரம்பித்தார்.

ஃபுமியே தன் குழலை எடுத்தாள். பழைய மூடி, வழக்கமான புள்ளி. ஊதினாள், வழக்கமான சின்ன ஓசை. தலைப்பகுதியை ஓர் அரிசி அகலம் வெளிப்பக்கம் திருப்பி மறுபடி ஊதினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"மூடி மாட்டுற சாக்குல தலையைக் கழட்டினீங்க. திரும்பப் பொருத்தும்போது இப்படித் திருப்பிட்டீங்க. ஹனவா-சான் புள்ளியைப் பாத்தா எல்லாருக்கும் தெரியும்," என்றாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "நானும் இத்தனை நாளா ரொம்ப உள்பக்கமா வச்சுத்தான் ஊதியிருக்கேன் போல. பல்லுக்கு எத்தனையோ உறை போட்டிருக்கேங்க. தங்கம் போட்டதால எவரும் நல்லாப் பாடினதில்ல."

முதலில் சிரித்தது ஹனவா அம்மாள். பிறகு கூடமே சிரித்து உருண்டது. பதினேழு பேரும் பட்டியலை நோக்கிப் பாய்ந்தார்கள். கையெழுத்துப் போட்ட வேகத்தைவிட அதை அடித்து நீக்கிய வேகம் அதிகம். அந்தச் சிரிப்புக்கு நடுவே சென்செய் தன் செருப்பைத் தேடினார். நாற்பது ஜோடியில் அதற்குக் கால்மணி நேரம் பிடித்தது. அதுவரை எல்லோரும் மிகுந்த மரியாதையோடு குனிந்து குனிந்து வழியனுப்பினார்கள்.

இலையுதிர்கால விழாவில் ஃபுமியே தனியாக வாசித்தாள். கடைசி வரிசைக்குக் கேட்டது. அடுத்த மாதமே கொகுரே அம்மாள், குழலின் ஓசையை இனிமையாக்கும் பட்டுத் துடைப்புத்துணி ஒன்றைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. குழலின் தலையை ஓர் அரிசி அகலம் திருப்பக் காசு கேட்க ஆளில்லை. நம் தலையையும் அவ்வப்போது அவ்வளவாவது திருப்பிப் பார்க்கலாம். அதற்கும் விண்கல் வேண்டாம்.