தவம் மாமா எழுதித் தந்த கடிதம்

"படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்" என்று அப்பாவுக்குப் பிரெஞ்சில் வகுப்பெடுத்தவள் நான். என் வாழ்க்கையின் ஆக முக்கியமான கடிதத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்து வைத்தவளும் நானேதான்.

அப்போது எனக்கு இருபது வயது. பாரிசின் புறநகரான லெ பிளாங்-மெனிலில் வீடு. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் இரண்டு வருட உயிரியல் படிப்பை முடித்துக்கொண்டிருந்தேன். அதை வைத்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் மருத்துவம் படிக்கலாம். அந்த வருடம் தவறினால் மருத்துவத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

தெரிவு இரண்டு. ஒன்று பாரிஸ் நகருக்குள்ளேயே. மற்றது வடக்கே, ரயிலில் இரண்டு மணித்தியாலம். என்னைப் போல் இடையில் வந்து சேர்பவர்களுக்கு அங்கே இடம் அதிகம். மூளையுள்ளவர்கள் வடக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் பாரிஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். காரணம், அவர்களுடைய இணையதளத்தில் இருந்த பளிங்குப் படிக்கட்டு. (வெள்ளைக் கோட்டுடன் அதில் இறங்கி வருவதாகக் கற்பனை வேறு. வெட்கக்கேடு.) அப்பாவுக்கும் பாரிஸ்தான். அவர் அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்தார்.

"மத்தியானம் கடைக்கு வந்து சாப்பிடலாம்தானே பிள்ளை?"

கடைக்கு வந்த சனம் முழுக்க ஆலோசனை சொன்னது. முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "பாரிசிலை படிச்ச எங்கடை பெடியனுக்குத் தலைமயிர் எல்லாம் கொட்டுண்டு போச்சு" என்றார். இதை வைத்துக்கொண்டு நான் என்னத்தை முடிவெடுக்க?

ஏன் இந்தப் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்தீர்கள் என்று ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. எனக்கோ பரீட்சை நேரம். "தவம் அண்ணையிட்டைக் குடுப்பம்" என்றார் அப்பா. "அவர் எழுதினது ஒண்டும் திரும்பி வந்ததில்லை."

தவம் மாமா, ஃபொபூர் சேன்-தெனி வீதியில் ஒரு தொலைபேசிக் கடையின் பின்பக்கம் மேசை போட்டு, போருக்குத் தப்பி ஊரிலிருந்து வந்தவர்களுக்கு வருடக்கணக்காக அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர். என்னிடமும் பத்து நிமிடம் விபரம் கேட்டார். கணினியில் தட்டினார். நீட்டினார். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே கையெழுத்து வைத்தேன்.

பாரிசிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. மூன்று பேராசிரியர்கள். உயிரணுவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நடுவிலிருந்த அம்மையார் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள். இப்போது பாதுகாப்பான இடத்தில்தானே இருக்கிறீர்கள்?" என்றார்.

"லெ பிளாங்-மெனிலில் இருக்கிறேன்" என்றேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பிறகுதான் அந்தக் கடிதத்தைக் காட்டினார்கள். ஐயோ! "நானும் என் குடும்பமும் பலமுறை இடம்பெயர்ந்தோம்." (பக்கத்து எபினேயிலிருந்து இங்கே வரும்வரை மூன்று வாடகை வீடு, சித்தப்பாவின் வேனில்.) "தினமும் இருட்டோடு வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டியவளாக இருந்தேன்." (ஆறு மணி பஸ்.) "நான் விசாரிக்கப்பட்டேன்." (வாய்மொழிப் பரீட்சை!) "என்னைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பினால் எனக்கு எதிர்காலம் இல்லை. தங்கள் பாதுகாப்பைக் கோருகிறேன்." ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது.

நான் இங்கேயே, சேன்-தெனி ஆஸ்பத்திரியில் பிறந்தவள் என்று விளக்குவதற்குள் ஒரு சமூக சேவை அலுவலரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே காத்திருந்த அப்பாவிடம் அவர் என்ன கேட்டாரோ தெரியாது. அதிகாரி ஒருவர் கேள்வி கேட்டால் அப்பா பதில் சொல்லமாட்டார், ஆவணம் கொடுப்பார். நான் எட்டிப் பார்த்தபோது மின்சாரக் கட்டணச் சீட்டு, கல்யாணப் பதிவு, என் தடுப்பூசி அட்டை எல்லாம் அவர் உட்கார்ந்திருந்த வாங்கில் பரவிக் கிடந்தன.

கடைசியில் ஒரே ஒரு உருப்படியான கேள்வி வந்தது. "ஏன் எங்கள் பல்கலைக்கழகம்?"

"படிக்கட்டு நல்லா இருக்கும்" என்றேன்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தேன். "உங்களுக்கு விசரா அப்பா? நானென்ன அகதியா? என்ரை வாழ்க்கையே போச்சு!" பெட்டியில் இருந்த தமிழ்ச் சனம் பாதி திரும்பிப் பார்த்தது. அப்பா ஃபைலை மடியில் வைத்து, அந்த ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினார்.

"என்ரை கடிதமும் தவம் அண்ணைதான் எழுதினவர்" என்றார் பிறகு. "அதாலைதான் நான் இஞ்சை நிக்கிறன். அதைவிடத் திறமான கடிதம் ஒண்டு இருக்கெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் போகவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாரிஸ் மறுத்துவிட்டது. வடக்குக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன், நாலே வரி, ஒவ்வொரு வரியையும் மூன்று தரம் படித்து. எடுத்தார்கள். இன்று அதே ஊரில்தான் டாக்டராக இருக்கிறேன்.

கல்யாண வீடுகளில் யாராவது தங்கள் பிள்ளைக்காக அப்பாவிடம் வந்து, "உங்கடை மகள் அந்த யூனிவர்சிட்டியை எப்பிடித் தெரிவு செய்தவ?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"அவள் எங்கை தெரிவு செய்தவள்? பாரிசிலை ரிஜெக்ட் ஆகி, அங்கைதான் அவளுக்கு அகதி அந்தஸ்துக் கிடைச்சது."